உருளைக்கிழங்குப் பொங்கல்

அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குக் கை நீட்டிக் காட்டத் தெரியாது. ஆனால் அந்த நாட்டுக்காரர்கள் பண்டிகைக்கு என்ன சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். வளைகுடா நகரம் ஒன்றில், ஐரிஷ் ஓட்டல் ஒன்றின் அடுப்படியில் பதினோரு வருஷம் நின்றவன் நான். சொந்த ஊர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் இருக்கிறது. சிமென்ட் லாரிகள் கிளப்பும் புழுதியில் வேலியோரச் செடியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் களையெடுத்தே காலத்தை ஓட்டியவர்கள். நான் கல்யாண வீடுகளில் கரண்டி பிடித்தேன். என்னோடு சமையலுக்கு வந்துகொண்டிருந்த லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் முதலில் வெளிநாடு போனார். இரண்டு வருஷம் கழித்து எனக்கும் விசா எடுத்துக் கொடுத்தார்.

ஓட்டலின் பெரிய செஃப் அயர்லாந்துக்காரர். முகம் எப்போதும் சிவந்திருக்கும், கோபம் வந்தால் காதும் சிவக்கும். அவருக்கு மூன்று பண்டிகைகள் முக்கியம். மார்ச்சில் அவர்கள் நாட்டுப் புனிதரின் நாள், அக்டோபர் கடைசியில் செத்தவர்களை நினைக்கிற நாள், அப்புறம் கிறிஸ்துமஸ். மூன்றுக்கும் உருளைக்கிழங்குதான். கிழங்கைத் தோலோடு வேக வைத்து, தண்ணீரை வடித்து, மேலே ஒரு துணியைப் போட்டு மூடி, ஈரம் போகும்வரை அதே சட்டியில் சின்னத் தீயில் விட வேண்டும். பிறகு தோலை உரித்து மசித்து, வெங்காயத்தாள் போட்டுக் காய்ச்சிய பாலை ஊற்றிக் கிண்டினால் அது சாம்ப். வெங்காயத்தாளோடு வேக வைத்த முட்டைக்கோஸும் சேர்ந்தால் கோல்கேனன். தட்டில் குவித்து, நடுவில் கரண்டியால் குழி பறித்து, அதில் வெண்ணெயை உருக விடுவார்கள். ஓரத்திலிருந்து எடுத்து அந்த வெண்ணெயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். ஆட்டுக் கழுத்துக்கறி, கிழங்கு, வெங்காயம், கேரட் இவ்வளவையும் ஒன்றாகப் போட்டு இரண்டரை மணி நேரம் சிம்மில் வைத்தால் ஸ்டூ. மோரும் சோடா உப்பும் சேர்த்துப் பிசைந்த ரொட்டி ஒன்று, தேயிலைத் தண்ணீரில் ஊறிய உலர்திராட்சை போட்ட ரொட்டி இன்னொன்று. இவைதான் பண்டிகைக்குக் கட்டாயம்.

போன புதிதில் எனக்கு மனசு கேட்கவில்லை. கறியில் மிளகாய் இல்லை, சோம்பு பட்டை இல்லை, வெள்ளையாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஒருநாள் செஃப் அந்தப் பக்கம் போனதும் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைப் போட்டுவிட்டேன். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அந்தப் பெரிய சட்டியைத் தூக்கிக் கழிவுத்தொட்டியில் கவிழ்த்தார். மறுபடியும் முதலிலிருந்து கிழங்கு உரித்தேன். அன்று ராத்திரி பாயிடம், "நம்மூர்ல காய்ச்சக்காரனுக்குக்கூட இதவிட ஒறப்பா ரசம் வைப்பாங்க பாய், இதப் போயி பண்டிக சாப்பாடுங்குறானுவ" என்று புலம்பினேன். பாய் சிரித்துவிட்டு, "உனக்குச் சம்பளம் திங்கிறதுக்கா, ஆக்குறதுக்கா?" என்று கேட்டார்.

எங்களுக்கு நம்முடைய பண்டிகை நாட்களில் லீவு கிடையாது. பொங்கலோ தீபாவளியோ, பகல் பதினோரு மணிக்குக் கிடைக்கிற அரைமணி இடைவேளையில் ரூமுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போடுவோம். ஒரு ரூமில் எட்டுப் பேர். எல்லாரும் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்து ஆட்கள். அந்த ரூமில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பண்டிகையன்று போனை ஸ்பீக்கரில் போட வேண்டும். முதல் கேள்வி, "என்ன சமைச்ச?" அந்தப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருத்தன் வீட்டில் ஆறு பதார்த்தம் என்றால் அடுத்தவன் வீட்டில் எட்டாக இருக்கும். யார் வீட்டுப் பட்டியல் குறைவோ அவனை அந்த வாரம் முழுக்க ஓட்டுவார்கள். "என்னடா, ஒம் பொண்டாட்டி சுண்டலோட முடிச்சுட்டா?" என்று கேட்பார்கள். நானும் அப்படி ஒருத்தனை ஓட்டியிருக்கிறேன், அவன் முகம் வாடிப்போனதைப் பார்த்தும் விடவில்லை.

என் மனைவியின் பட்டியல் எப்போதும் பெரிது. உளுந்துவடை, அதிரசம், சுழியம், எள்ளுருண்டை, முறுக்கு, சர்க்கரைப்பொங்கல், பரங்கிக்காய்க் கூட்டு, மொச்சைக் குழம்பு. அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வாள். சொல்லி முடித்ததும், "நீங்க சாப்டீங்களா?" என்பாள். "சாப்பிடாம? இன்னைக்கு எங்க ஓட்டல்ல பெரிய விருந்துல்ல" என்று சொல்லி, முந்தின பண்டிகையில் எடுத்த கோல்கேனன் படத்தையோ ஸ்டூ படத்தையோ அனுப்பிவைப்பேன். அதில் ஒரு வாய் நான் சாப்பிட்டதில்லை. தொழிலாளிகளுக்குப் பின்பக்கம் குபூஸ் ரொட்டியும் பருப்பும் தனியாக வரும். ருசி பார்ப்பதற்கு நாக்கில் ஒரு சொட்டு வைப்பதோடு சரி. அவளிடம் மட்டும், "நாங்களும் அதேதான் சாப்ட்டோம்" என்று பதினோரு வருஷமும் சொன்னேன்.

போன வருஷம் ஐப்பசி மாதத்தில் மகள் போன் செய்தாள். அவளைத் திருமானூரில் கொடுத்திருக்கிறோம். "அம்மாவுக்கு சோறு எறங்க மாட்டேங்குதுப்பா. மூணு மாசமா. எங்கிட்டயே இப்பத்தான் சொல்லுது" என்றாள். செஃப்பிடம் சொல்லிவிட்டு வந்த மூன்றாவது நாள் திருச்சி ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உணவுக்குழாயில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும், ஆறு ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. உதடு, நாக்கு, அண்ணம் ஒன்று பாக்கியில்லை. ரசத்தில் இருக்கிற மிளகு பட்டாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் அதன் புளிப்பு எரிந்தது. நான்காவது ஊசியைப் போட்டுவிட்டு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முப்பத்தேழு கிலோ இருக்காங்க. அடுத்த தடவை வரும்போது முப்பத்தெட்டாவது இருக்கணும். இல்லைன்னா ஊசி போட மாட்டேன், உடம்பு தாங்காது" என்றார். பேருக்குச் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

அந்த முப்பத்தெட்டு என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் யோசித்தேன். ஒறைக்கக் கூடாது, புளிக்கக் கூடாது, கடிக்க வேண்டியிருக்கக் கூடாது, சூடு ஆறியிருக்க வேண்டும், உடம்பில் ஒட்டவும் வேண்டும். பாடாலூர் தாண்டும்போதுதான் உறைத்தது. அட பாவி, இதைத்தானேடா பதினோரு வருஷமாகச் சமைத்துக் கிழித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பாலும் வெண்ணெயும் கிழங்கும். எதைக் காய்ச்சல்காரன்கூடத் தின்ன மாட்டான் என்று நக்கல் அடித்தேனோ, அதைத்தவிர வேறெதுவும் அவள் வாய்க்கு ஆகாது.

மறுநாளே லப்பைக்குடிக்காட்டுக்கு வண்டியை விட்டேன். பாய் இப்போது ஊரில் கடை வைத்திருக்கிறார். உப்புப் போடாத வெண்ணெய், பால் பவுடர், ஓட்ஸ், உலர்திராட்சை என்று நான் கேட்கக் கேட்க எடுத்துவைத்தவருக்கு, எதற்கு என்று தெரிந்ததும் கை நின்றுவிட்டது. "பொங்கல் வருது, அதுக்கும் இதேதானா?" என்று கேட்டார். "இதேதான் பாய். அவங்க பண்டிகச் சாப்பாடுதான எங்க பண்டிகைக்கும்" என்றேன். "ஆக்கிப் போடு. துஆ செய்யுறேன், அல்லா எறங்க வைப்பான்" என்றார் அவர். சாமான்களை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போகியன்று வீட்டை ஒதுக்கினேன். வீட்டில் ஓவன் என்று ஒன்றும் கிடையாது. சோடா ரொட்டி சுடுவதற்குக் கனமான சட்டி ஏதாவது இருக்குமா என்று பரணில் ஏறினேன். பரணில் நான் அனுப்பிய சாமான்கள் அடுக்கியிருந்தன. முறுக்கு அச்சு, பெரிய வடைச்சட்டி, அதிரசம் தட்டுகிற பலகை, ஒட்டாத தவா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தடவை ஊருக்கு வருகிற யாரிடமோ கொடுத்துவிட்டது. பதினோரு வருஷத்தில் மூன்று முறைதான் நான் வந்திருந்தேன், மூன்று முறையும் பண்டிகை இல்லாத மாதம். முறுக்கு அச்சை எடுத்துப் பார்த்தேன். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. வடைச்சட்டி அட்டைப் பெட்டியைவிட்டு வெளியே வரவேயில்லை. அதன் மேல் என் கையெழுத்தில் எழுதிய ஊர்ப்பேர் அப்படியே இருந்தது.

பெட்டியோடு இறங்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "என்னாடி இது?" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். பொய் சொல்லித் தப்பிக்கிற தெம்பு இல்லாததுபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். "யாருக்குச் சுடச் சொல்றீங்க?" என்றாள். "புள்ள ஆஸ்டல்ல. அப்பறம் அது அது வூட்டுக்குப் போயிருச்சு. நா ஒருத்தி ஒக்காந்து வடை சுட்டுத் தின்னுக்கிட்டிருந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"அப்ப போன்ல சொன்னதெல்லாம்?"

"பக்கத்து வூட்டுல எண்ணெச்சட்டி வச்சா வாசன வருமுல்ல. அத வச்சுச் சொல்லுவேன். எள்ளுருண்ட மட்டும் நானா சேத்துக்குவேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எட்டுப் பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. ஒங்கள யாரும் கேலி பண்ணக் கூடாதுல்ல."

"நீ என்னத்தத் தின்ன?"

"முந்துன நாளு கொழம்பு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். பெட்டியைக் காலால் எத்தினேன். அது போய்ச் சுவரில் முட்டியது. பிறகு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு அழுதேன். நானும் அந்த விருந்தில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை என்று அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இத்தனைக்கும் பிறகு எனக்கு மட்டும் கௌரவம் வேண்டியிருந்தது.

பொங்கலன்று காலையில் வாசலில் சின்னப் பானை ஒன்றை வைத்துச் சாமிக்குப் பொங்கினேன். குலவை போட ஆள் இல்லை. உள்ளேயிருந்து அவள், "பால் பொங்கிருச்சா?" என்று கேட்டாள். "பொங்கிருச்சு, பொங்கிருச்சு" என்று கத்தினேன். அப்புறம் உள்ளே வந்து கேஸ் அடுப்பில் கிழங்கை ஏற்றினேன். செஃப் சொல்லிக்கொடுத்த மாதிரி எதையும் விடாமல் செய்தேன். துணி போட்டு ஈரம் வற்றவிட்டேன். மசித்ததை மாவு சலிக்கும் சல்லடையில் போட்டுத் தேய்த்து, ஒரு கட்டி இல்லாமல் எடுத்தேன். வெங்காயத்தாளைப் பாலில் காய்ச்சி, தாளை வடிகட்டி எறிந்துவிட்டுப் பாலை மட்டும் ஊற்றினேன். முட்டைக்கோஸைக் குழைய வேக வைத்து அரைத்துச் சேர்த்தேன். குக்கரில் வாசரையும் விசிலையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைக் கொட்டி, அதில் ரொட்டி சுட்டேன். மேலே கத்தியால் கூட்டல் குறி மாதிரி கீறிவிட வேண்டும் என்பது அவர்கள் சம்பிரதாயம். ரொட்டியின் மேல் பொருக்கை நீக்கி, உள்ளே இருக்கிற மெத்தென்ற பகுதியை மட்டும் வெதுவெதுப்பான பாலில் ஊறப் போட்டேன்.

வாசலில் தலைவாழையிலை போட்டு, கரும்பு, மஞ்சள் கொத்து, பொங்கல் சோறு எல்லாம் வைத்தேன். பக்கத்திலேயே கோல்கேனனையும் குவித்து, குழி பறித்து வெண்ணெய் விட்டுச் சூரியனுக்குக் காட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்னாங்க அது, மாவா?" என்று கேட்டது. "உருளக்கெழங்குப் பொங்கல்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

அன்று அவள் அரைக் கிண்ணம் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. "எரியுதா?" என்றேன். தலையை ஆட்டினாள், இல்லை என்று. "எறங்குதா?" என்றேன். "எறங்குதுங்க. வழவழன்னு போவுது" என்றாள். இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று ஊட்டினேன். போதும் என்று கையெடுத்தாலும் விடவில்லை. மாட்டுப் பொங்கலன்று கவிச்சி சமைக்கலாம் என்பதால் ஸ்டூ வைத்தேன். சின்ன வெங்காயம் போட்டால் இன்னும் ருசி என்று செஃப்பிடம் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். கறியையும் கிழங்கையும் வடிகட்டி, அந்தச் சாற்றை டம்ளரில் கொடுத்தேன். முக்கால் டம்ளர் குடித்தாள். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் ஒரு வாய் ஸ்டூ சாப்பிட்டுவிட்டு மரியாதைக்கு, "நல்லாருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அவளும் வாய் திறக்காமல் சிரித்தாள்.

அதற்கப்புறம் பதினைந்து நாள் எனக்கு அதே வேலை. காலையில் பாலில் ஊறிய ரொட்டி, பதினோரு மணிக்கு ஓட்ஸ், மத்தியானம் சாம்ப், சாயங்காலம் ஸ்டூ. பழைய செஃப்பைவிட நான் மோசம். ஒரு கரண்டி மிச்சம் வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். "இம்புட்டு மெனக்கெட்டு செஞ்சிருக்கேன், நீ பாட்டுக்கு வேணாங்குற" என்று கத்துவேன். அவள் வாயைத் திறப்பாள். கொஞ்ச நாளாக, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் என்னை ஏதாவது வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். வெற்றிலை வேண்டும், சாமிக்குப் பூ வேண்டும், கற்பூரம் தீர்ந்துவிட்டது. வீட்டில் அடைந்து கிடக்கிறேனே, காற்றாடப் போய்வரட்டும் என்று அனுப்புகிறாள் என நினைத்துக்கொண்டு போய்வந்தேன்.

ஐந்தாவது ஊசிக்குத் திருச்சிக்குப் போனோம். எடை பார்க்கிற இடத்தில் ஒரு நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெஷினில் ஏறினாள். நர்ஸ், "முப்பத்தெட்டு இருநூறு" என்று சொல்லி எழுதினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களாம்மா, எல்லாம் கெழங்குதான். ஐரிஷ் சாப்பாடு" என்று அந்த நர்ஸிடம் ஆரம்பித்துவிட்டேன். எப்படி மசிக்க வேண்டும், எவ்வளவு வெண்ணெய், வாய்ப்புண் உள்ளவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லுங்கள் என்று பாடம் நடத்தினேன். பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மெஷினிலிருந்து இறங்கும்போது கால் மடங்கியது. விழுந்துவிடாமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். என் விரலில் இரும்பு இடித்தது.

புடவைக்குள், பாவாடை நாடாவில், துணியில் சுற்றி எதையோ கட்டியிருந்தாள். நான் இல்லாத வருஷங்களில் சில காலம் அவள் சந்தையில் சின்ன வெங்காயம் விற்றாள். அந்தத் தராசின் எடைக்கற்கள். ஒரு கிலோ ஒன்று, அரைக்கிலோ ஒன்று. என் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கலாம். என் சுபாவம் அப்படி இல்லையே. அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, புடவை மடிப்புக்குள் கையை விட்டு, முடிச்சை இழுத்து அவிழ்த்து, இரண்டு கற்களையும் நர்ஸின் மேஜைமேல் வைத்தேன். சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். "இன்னொரு தடவ பாருங்கம்மா" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸ் கோபப்படவில்லை. அந்தக் கற்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, "பரவால்லக்கா, வாங்க" என்று மெதுவாக அவளைப் பிடித்து ஏற்றினார். முப்பத்தாறு எழுநூறு. பொங்கலுக்கு முன்னால் இருந்ததைவிடக் குறைவு.

டாக்டர் ஊசி போடவில்லை. வயிற்றில் ஓட்டை போட்டு டியூப் வைக்கலாம், அதன் வழியாகச் சாப்பாடு கொடுத்து எடை ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பலன் இருக்குமா என்று கேட்டதற்கு உறுதி சொல்ல முடியாது என்றார். அவள் என்னிடம்கூடக் கேட்காமல், "டியூப் வேண்டாங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

பெரம்பலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளை உட்கார வைத்தேன். பஸ் சமயபுரம் தாண்டியது. எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கடைசியில், "கல்லக் கட்டிக்கிட்டு ஊசியப் போட்டிருந்தா நீ செத்துப் போயிருப்படி. தெரியுமா ஒனக்கு?" என்றேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஊசிக்காகக் கட்டலைங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது, குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "காலைல எந்திரிச்சதுலேருந்து அடுப்படிலயே கெடக்குறீங்க. அத்தனையும் ஆக்கிப் போட்டும் ஏறலைன்னா ஒங்க மொகம் என்னா ஆவும்? அதப் பாக்க முடியாதுன்னுதான் கட்டுனேன்."

"தின்னியே. எறங்குதுன்னியே."

"எறங்கும். நீங்க கடைக்குப் போனதும் மேல வந்துரும். கொல்லைல போயி வாந்தி எடுத்துருவேன்." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "பொங்கலன்னைக்கு மட்டும் நின்னுச்சுங்க. அது பொய்யில்ல."

வெற்றிலையும் பூவும் கற்பூரமும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. போகியன்று அவள் எப்படிப்பட்டவள் என்று முழுசாகத் தெரிந்தது, தெரிந்தும் மறுபடி ஏமாந்திருக்கிறேன். ஏமாந்தேன் என்றுகூடச் சொல்லக் கூடாது. எனக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது, அவள் அதைக் கொடுத்தாள். அங்கே எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான். இங்கே கரண்டியோடு உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான். பதினோரு வருஷம் அடுத்தவன் பண்டிகைக்குச் சமைத்தவனுக்கு, சொந்தப் பெண்டாட்டிக்குப் பசிக்கிறதா இல்லையா என்று கேட்கத் தெரியவில்லை.

பஸ்ஸிலேயே நானும் சொல்லிவிட்டேன். அந்தப் படங்களில் இருந்த சாப்பாட்டை நான் சாப்பிட்டதே இல்லை, குபூஸும் பருப்பும்தான் என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும். மொதத் தடவ வந்தப்பவே எலும்பும் தோலுமா வந்தீங்க" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவரை நான் அசையவில்லை.

மாசி முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அதுவரை இருந்த நாட்களில் நான் எதையும் நிறுத்துப் பார்க்கவில்லை. சமைப்பதையும் அநேகமாக விட்டுவிட்டேன், பாலும் இளநீரும் என்று ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாள் மத்தியானம், அவளே, "அந்தக் கெழங்கு செய்யுங்களேன்" என்றாள். நான் எழுந்திருக்கவே யோசித்தேன். "ஒனக்கு வேணுமா, இல்ல எனக்காகவா?" என்று கேட்டேன். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. "கொஞ்சம் வேணும்" என்றாள். "ரெண்டு தட்டுல போடுங்க" என்றாள்.

சாம்ப் செய்தேன். சல்லடையில் தேய்த்து, பால் ஊற்றி, இரண்டு தட்டில் போட்டு, இரண்டிலும் குழி பறித்து வெண்ணெய் விட்டேன். அவளை நிமிர்த்திச் சுவரில் தலையணை வைத்துச் சாய்த்து, எதிரில் உட்கார்ந்தேன். என் தட்டிலிருந்து நான் ஒரு வாய் எடுத்தேன். அவ்வளவு காலம் சமைத்ததை அன்றுதான் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். உப்பும் பாலும் வெங்காயத்தாள் வாசனையும் சேர்ந்து நன்றாகத்தான் இருந்தது. செஃப்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

அவள் ஓரத்திலிருந்து கொஞ்சமாக எடுத்து வெண்ணெயில் தொட்டு வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்து விழுங்கினாள். நான்கு வாய் அப்படிச் சாப்பிட்டாள். நான் அவள் தட்டிலிருந்து ஐந்தாவது வாயைக் கரண்டியில் எடுத்திருந்தேன்.

"போதுங்க" என்றாள்.

அந்த வாயை நானே சாப்பிட்டேன்.